அடுப்பு பற்றவில்லையா? காதைத் தீட்டுங்கள்

கேஸ் அடுப்பு பற்றவில்லை என்றதும் நம் வீடுகளில் முதல் பழி சிலிண்டர் மேல்தான் விழும். "அதுக்குள்ள தீர்ந்துபோச்சா? எடை குறைச்சுப் போட்டுட்டான்." பாவம், 14.2 கிலோ கேஸையும் அதைவிடக் கனமான இரும்பையும் சேர்த்து மாடியேற்றி வைத்துவிட்டுப் போன மனிதர். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு அடுப்பில்தான் இருக்கிறது. பொங்கி வழிந்த பால், சோற்றுக் கஞ்சி, சாம்பார்.

முதலில் மற்ற பர்னர்கள் எரிகின்றனவா பாருங்கள். எரிந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றையும் சந்தேகப்பட வேண்டாம். அப்புறம் பற்றாத பர்னரின் திருகியை ஒரு நொடி மட்டும் திறந்து காது கொடுங்கள். 'உஸ்' என்று வந்தால் கேஸ் வருகிறது. பொறிதான் விழவில்லை, அல்லது பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. உடனே மூடிவிடுங்கள். திறந்து வைத்தபடியே லைட்டரை 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் மேடையிலும் தரையிலும் தேங்கும். பத்தாவது தட்டில் பொறி விழுந்தால் குப்பென்று பிடித்துப் புருவத்தோடு போனால் அதிர்ஷ்டம். சன்னலைத் திறந்து, வாடை போனபின் மறுபடி முயலலாம்.

சத்தமே இல்லையென்றால் ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சின்னத் துளையுள்ள மூக்கு, அடைத்திருக்கும். இங்கேதான் ஆளாளுக்கு ஊசியும் ஊக்கும் எடுத்து வருவார்கள். பர்னர் துளைகளை ஊக்கால் குத்தலாம், தப்பில்லை. ஆனால் ஜெட்டைக் குத்தாதீர்கள். அது பித்தளை, அந்தத் துளை ஒரு மயிரளவு அகன்றாலும் சுடர் மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி. மெக்கானிக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான், கொடுத்துவிடுங்கள்.

எல்லாத் திருகியும் மூடியிருக்கும்போது வாடை வந்தால் சங்கதியே வேறு. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, என் உண்மையான ஆத்திரத்துக்கு வருகிறேன். கண்ணாடி மேல்தளம், ஆட்டோ இக்னிஷன். கடையில் பளபளவென்று இருக்கும். தினமும் பால் பொங்குகிற வீட்டுக்கு இது எதற்கு? பர்னர் ஓரத்தில் நிற்கும் அந்த வெள்ளைப் பீங்கான் குச்சி நனைந்தால் பொறி வராது, பிசுக்கேறினாலும் வராது. பேட்டரி தீர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய ஸ்டீல் அடுப்பைத் தூக்கிக் கவிழ்த்துத் தேய்க்கலாம். இதை இரண்டு பேர் பிடித்தாலும் பயமாக இருக்கிறது. பெரும்பாலும் இதைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தினமும் துடைப்பவர் இன்னொருவர். அடுத்த முறை கடைக்குப் போனால் துடைப்பவரைக் கூட்டிப் போங்கள். பேட்டரி எங்கே, பர்னரைக் கழற்றிக் காட்டு, பொறி வராவிட்டால் தீக்குச்சியால் பற்ற வைக்கலாமா என்று அவர் கேட்கட்டும்.