பறித்தவன் கையில் பத்திரம், கேட்பவன் கையில் படிவம்

வேறொரு நாட்டு அரசு உங்கள் வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டது என்று வையுங்கள். அந்த நாட்டு நீதிமன்றத்தில் போய் நிற்க முடியாது. உங்கள் நாட்டு நீதிமன்றத்திலும் பெரும்பாலும் வழக்கு நிற்காது, வேற்று நாட்டு அரசை விசாரிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் யாரிடம் போவது?

அமெரிக்கர்களுக்கு இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: வெளிநாட்டுக் கோரிக்கைத் தீர்வு ஆணையம். 1954-இல் இரண்டு பழைய ஆணையங்களை இணைத்து உருவாக்கினார்கள். 1980 முதல் நீதித் துறைக்குள் தனி அமைப்பாக இயங்குகிறது. வெளியுறவுத் துறை அந்த நாட்டோடு பேசி ஒரு மொத்தத் தொகையை வாங்கும். யாருக்கு எவ்வளவு என்று ஆணையம் முடிவு செய்யும். கருவூலத் துறை பணத்தைக் கொடுக்கும். முதலில் ஒரு உத்தேசத் தீர்ப்பு வரும். பிடிக்கவில்லை என்றால் ஆட்சேபித்து நேரில் வாதிடலாம். அதற்குப் பிறகு வருவதுதான் இறுதி. எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு கிடையாது.

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒப்பந்தத்தையும் கோடிகளையும்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ தீர்ப்பில் பாதி அந்த விண்ணப்பப் படிவத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்று படுகிறது. என்ன கேட்கிறார்கள், எதைச் சான்றாக ஏற்கிறார்கள், அதைத் தேடிப்பிடிப்பது யார் தலையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வடிகட்டி குடியுரிமை. இழப்பு நேர்ந்த நாளில் நீங்கள் அமெரிக்கக் குடிமகனா? இன்று குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. 1959-க்குப் பிறகு கியூபாவில் காஸ்ட்ரோ அரசு கரும்பாலைகள், மின் நிறுவனம், நிலங்கள், வீடுகள் என்று வரிசையாக நாட்டுடைமை ஆக்கியது. மயாமிக்கு ஓடிவந்த கியூபர்களில் ஏராளமானோர் பின்னாளில் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் சொத்து பறிபோன அன்று அவர்கள் கியூபக் குடிமக்கள். ஆகவே ஆணையத்தில் அவர்களுக்கு இடமில்லை. தன் குடிமகனுக்காகத்தான் ஓர் அரசு இன்னோர் அரசிடம் வாதாட முடியும் என்பது சர்வதேசச் சட்டத்தின் பழைய விதி. விதி எனக்குப் புரிகிறது. அதை ஒரு வயதான மனிதரிடம் விளக்கச் சொன்னால் எனக்கு வாய் வராது.

இரண்டாவது வடிகட்டி இதைவிடக் கடுமையானது: நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது. சொத்து உங்களுடையது, அதன் மதிப்பு இவ்வளவு, இந்தத் தேதியில் பறிக்கப்பட்டது, வேறு எங்கும் இழப்பீடு வாங்கவில்லை, இறந்தவருக்கு நீங்கள்தான் வாரிசு, எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். ஆனால் அந்தத் தாள்கள் எங்கே இருக்கும்? பறித்த அரசின் பதிவேட்டில். 1961 ஜனவரியில் அமெரிக்காவும் கியூபாவும் தூதரக உறவையே முறித்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஹவானா பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பத்திர நகல் வாங்க யாரால் முடிந்திருக்கும்? உயிரோடு வந்தால் போதும் என்று கிளம்பியவர் வில்லங்கச் சான்றிதழைப் பெட்டியில் எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது கோப்புகளுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்களின் கற்பனை. வழக்கறிஞரும் கிடைக்கிற தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நல்ல விதிதான். ஆனால் சின்னக் கோரிக்கைக்கு ஊர் ஊராக ஆவணம் தேடித் தர எந்த வழக்கறிஞர் வருவார்?

லிபிய வழக்குகளில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். 2008-இல் லிபியா 150 கோடி டாலர் கொடுத்துத் தன் மேல் அமெரிக்கர்கள் தொடுத்திருந்த பழைய பயங்கரவாத வழக்குகளை முடித்துக்கொண்டது. உடல் காயம் பட்டவர்களுக்குத் தலைக்கு 30 லட்சம் டாலர் என்று வெளியுறவுத் துறை பரிந்துரைத்தது. காயம் மேலோட்டமானதாக இருக்கக் கூடாது, மருத்துவப் பதிவேடுகளால் அது உறுதிப்பட வேண்டும் என்று ஆணையம் அளவுகோல் வைத்தது. அந்த வழக்குகளில் ஒன்று 1972-இல் இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் நடந்த தாக்குதல். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து போன கிறிஸ்தவ யாத்ரீகர்கள் அதில் சிக்கினார்கள். கிட்டத்தட்ட 40 ஆண்டு கழித்து அவர்கள் மருத்துவமனைச் சீட்டைத் தேட வேண்டியிருந்தது! எந்த மருத்துவமனை அவ்வளவு காலம் பழைய கோப்புகளை வைத்திருக்கும்? ஒரு தாள் கிடைத்தால் 30 லட்சம், கிடைக்காவிட்டால் அந்தப் பிரிவில் ஒன்றுமில்லை. காயத்தின் தீவிரத்தை மருத்துவமனையின் ஆவண அறை தீர்மானிக்கிறது என்றால் எங்கோ தவறு இருக்கிறது.

சரி, ஆதாரமே கேட்காமல் கொடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். பொதுப்பணம் இல்லையென்றாலும் வரம்புள்ள பணம். பொய்யாக ஒருவர் வாங்கினால் உண்மையான இன்னொருவரின் பங்கு குறையும். ஆகவே சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் சரிபார்க்கிற வேலையை, ஆதாரம் கேட்கிற ஆணையமே ஓரளவு செய்யலாமே?

செய்திருக்கிறார்கள். 1990-இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது லட்சக்கணக்கான தொழிலாளர்கள் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். அம்மான் வழியாக விமானத்தில் ஊர் திரும்பிய இந்தியர்கள் மட்டுமே ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு அருகில். அடுத்த ஆண்டு ஜெனீவாவில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் தொடங்கப்பட்டது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பணம். நாட்டைவிட்டு ஓடியதற்கான 'ஏ' பிரிவில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் கோரிக்கைகள். ஒவ்வொருவரிடமும் விமானச் சீட்டைக் கேட்டிருந்தால் இன்றைக்கும் முடிந்திருக்காது. எல்லை கடந்தவர்களின் பட்டியல்கள், பயணப் பதிவுகள் போன்றவற்றை ஆணையமே நாடுகளிடமிருந்து திரட்டிக் கணினியில் ஒப்பிட்டது. மீதிக்கு மாதிரி ஆய்வு. ஒரே ஆள் இரண்டு முறை கேட்டிருந்தாலும் இப்படி ஒப்பிடும்போது வெளியே வந்துவிடும். தனியாளுக்கு 2,500 டாலர் என்று நிலையான தொகை, பெரிய இழப்புகளுக்குத் தனிப் பிரிவுகள், அங்கே கூடுதல் ஆதாரம். சின்னத் தொகைக்குச் சின்ன ஆதாரம் என்ற இந்த எளிய ஏற்பாடு அமெரிக்க ஆணையத்துக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

அமெரிக்க முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஓர் அரசு அலுவலகம் மக்களிடம் படிவம் நீட்டுவதற்கே அனுமதி வாங்க வேண்டும். 1980-இல் வந்து 1995-இல் திருத்தப்பட்ட காகிதச் சுமைக் குறைப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. முதலில் 60 நாள், அப்புறம் 30 நாள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குக் காட்ட வேண்டும். அனுமதியும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். இந்த ஆணையமும் தன் படிவத்துக்கு இதே வழியில்தான் போக வேண்டும். எனக்கு ஒரே சந்தேகம்: அந்த நேரக் கணக்கில் படிவத்தை நிரப்பும் நேரத்தோடு, பாட்டியின் திருமணச் சான்றிதழை ஒரு தேவாலயப் பதிவேட்டில் தேடி அலையும் மாதங்களையும் சேர்ப்பார்களா?

தகவலைச் சீக்கிரம் திரட்டுவதில் ஆணையம் சரியாகவே நடந்திருக்கிறது. வியட்நாம் விஷயத்தில் பைசா வரும் அறிகுறியே இல்லாத 1980-களில் கோரிக்கைகளை விசாரித்து, 192 பேருக்குச் சுமார் 9.9 கோடி டாலர் என்று தீர்மானித்து வைத்தார்கள். 1995-இல் உறவு சீரானபோது வியட்நாம் 20.85 கோடி டாலர் கொடுத்தது. அசலும் வட்டியுமாகக் கொடுத்து முடித்தார்கள். கணக்கு கையில் தயாராக இருந்ததால்தான் பேச்சுவார்த்தையில் தொகையைச் சொல்ல முடிந்தது.

கியூபாவுக்கும் அதே ஏற்பாடுதான். 5,913 கோரிக்கைகள் சான்றளிக்கப்பட்டு, சுமார் 190 கோடி டாலர் அசல், ஆண்டுக்கு 6 சதவீதத் தனி வட்டி என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வட்டியே அசலைப் போல மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது; ஒரு டாலரும் வரவில்லை. அன்றைக்கு விண்ணப்பித்த தனிநபர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். நாளைக்கே ஒப்பந்தம் கையெழுத்தானால் பேரன் பேத்திகள் வரிசையில் நின்று, யார் யாருக்கு வாரிசு என்று மூன்று தலைமுறைத் தாள்களைக் கொண்டுவர வேண்டும். அந்த வாரிசு விவரங்களை இப்போதே, மகன்களும் மகள்களும் இருக்கும்போதே, ஒரு எளிய படிவத்தில் வாங்கிப் பதிவு செய்துவிடலாம். இதற்குக் கியூபாவின் சம்மதம் தேவையே இல்லை.