ஆகஸ்ட் 15-க்கு முன் வீட்டுக்குப் போக வேண்டிய தாள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களின் எல்.பி. என்னும் தொடக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடத்தைவிடச் சுதந்திர தினப் பாட்டும் அணிவகுப்பும்தான் அதிகம் நடக்கும். இந்தப் பகுதியில் தமிழ்வழி வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒத்திகைகளைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. குழந்தையை நாள் கணக்கில் தயார் செய்யும் நாம், அந்தக் குழந்தையை அனுப்பி வைக்கும் குடும்பத்தைத் தயார் செய்வதற்கு ஒரு மணி நேரம்கூடச் செலவிடுவதில்லை என்பதுதான் என் குறை. முதல் நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில், "நாளை காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் வெள்ளை உடையில் வர வேண்டும்" என்று ஒரு வரி போடுகிறோம். அதையும் பல பள்ளிகளில் மலையாளத்தில் மட்டும் போடுகிறோம். பிறகு, குழந்தை வண்ண உடையில் வந்து நின்றால் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறோம்.

அந்த ஒரு வரி போய்ச் சேரும் வீடுகள் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரியாமல் இல்லை. சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் கள் இறக்குபவருக்குத் தேசிய விடுமுறை என்று ஒன்று கிடையாது. பாளை அவருக்காக ஒரு நாள் ஓய்ந்து நிற்காது என்பதால், கொடியேற்றும் நேரத்தில் அவர் மரத்தின் மேல் இருப்பார். அம்மா பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போகிறவராக இருந்தால், வீடு திரும்பி அந்தச் செய்தியைப் பார்க்கும்போது கடை சாத்தியிருக்கும். பாட்டியிடம் விட்டுச் சென்ற குழந்தை என்றால், பாட்டியின் கையில் இருப்பது பட்டன் போன். இப்படிப்பட்ட வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டை தேடுவது எப்படி இருக்கும் என்பதை அந்தச் செய்தியை அனுப்புகிறவர் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தால் போதும், அதை ஜூலை மாதத்திலேயே அனுப்பிவிடுவார்.

ஆகவே, ஜூலைக் கடைசியில் நடக்கும் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டத்திலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் போக வேண்டும் என்பது என் கருத்து. அச்சடித்த அழைப்பிதழ் வேண்டியதில்லை. குழந்தை எதில் பங்கேற்கிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், என்ன உடுத்த வேண்டும், வீட்டிலிருந்து பணம் எதுவும் வேண்டுமா வேண்டாமா, யாரால் வர முடியாவிட்டாலும் குழந்தையின் பங்கு பறிபோகாது என்பது, இவ்வளவும் தமிழிலும் மலையாளத்திலும் அந்தத் தாளில் இருந்தால் போதும். இவற்றில் உடையும் பணமும்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபேன்சி டிரெஸ் என்ற பழக்கம் தேசபக்தியைச் சந்தை விலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. காந்தி வேடத்துக்கு ஒரு வேட்டியும் கோலும் போதும். நேருவுக்கு ஷெர்வானி வேண்டும். ஜான்சி ராணிக்குச் சரிகை, கிரீடம், கேடயம், வாள் என்று பட்டியல் நீள்கிறது. பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ வாடகைக்கு எடுத்தால் நாள் வாடகை தனி, முன்பணம் தனி, வாள் முனை வளைந்தால் அதற்குப் பிடித்தம் தனி. கொடுக்க முடிந்தவர் வீட்டுப் பெண் ராணியாகவும், முடியாதவர் வீட்டுப் பையன் கடைசி வரிசையில் கைதட்டுகிறவனாகவும் ஆகிவிடுகிறார்கள். இது திட்டமிட்டு நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பாரத மாதா வேடம் பெரும்பாலும் வகுப்பிலேயே சிவப்பாக இருக்கும் பெண் குழந்தைக்குத்தான் போகிறது. ஆறு வயதுக் குழந்தை அதைக் கவனிக்காது என்று நினைக்கிறவர்கள் ஆறு வயதுக் குழந்தையோடு பேசிப் பார்த்ததில்லை. நாட்டின் வேடம் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தரப்படும் என்று தாளில் ஒரு வரி சேர்த்துவிட்டால், பெற்றோரிடமிருந்து வரும் சிபாரிசும் நின்றுபோகும்.

ஜான்சி ராணியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவருடைய பெயரைத் தாங்கிய படைப்பிரிவு ஒன்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தது. அதில் சேர்ந்த பெண்களில் பெரும் பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள். அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி 1914-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா நம் பாலக்காடு மாவட்டத்து ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். அந்த அம்மாவும் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் எங்கள் எல்லையோரக் குழந்தைகளுக்கு இதைவிட நெருக்கமான கதை வேறு எங்கே கிடைக்கும்? அந்த வேடத்துக்கு ஒரு காக்கிச் சட்டையும் தொப்பியும் போதும். சரிகையும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம்.

உண்மையில் வேடமே வேண்டாம் என்பதுதான் என் முதல் விருப்பம். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கேரள அரசு இலவசமாகத் தரும் சீருடை கைத்தறித் துணியால் ஆனது. இந்த மாநிலத்தின் நெசவாளர்கள் நெய்தது. அந்நியத் துணியைத் தெருவில் குவித்து எரித்த ஒரு போராட்டத்தை நினைவுகூரும் நாளில், ஒரு குழந்தை ஏற்கெனவே உடுத்தியிருக்கும் கைத்தறியைக் கழற்றச் சொல்லி, வாடகைக்கு எடுத்த பாலியெஸ்டரை மாட்டிவிடுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சீருடையில் வந்தால் போதும் என்று தாளில் எழுதிவிட்டால் பாதி வீடுகளின் கவலை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். தலைக்குக் கட்டும் துணியையோ கையில் பிடிக்கும் வண்ணக் காகிதத்தையோ பள்ளியே செய்து கொடுக்கலாம்.

அடுத்து, பாட்டு. எங்கள் குழந்தைகள் இந்தியில் ஒன்றும், மலையாளத்தில் ஒன்றும், தமிழில் ஒன்றும் பாடுகிறார்கள். தேசிய கீதம் தனி. வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அவற்றில் ஒன்றுதான் புரிகிறது. பாடும் குழந்தைக்கும் பல நேரம் அவ்வளவுதான். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே பொருளை எளிய தமிழில் தந்து, அதையும் வீட்டுக்கு அனுப்பினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து பாடிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கும் என்ன பாடுகிறார்கள் என்று தெரியும். இதற்கு எதிராக, "இது கேரளம், மலையாளம் கற்றுக்கொள்ளட்டும்" என்று ஒரு குரல் எழுவது வழக்கம். கற்றுக்கொள்கிறார்கள், மகிழ்ச்சியாகவே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு, மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே 1956-இல் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்பைப் போற்றும் ஒரு விழாவுக்கான அழைப்பு அந்த வீட்டுக்குப் புரியும் மொழியில் போவதைச் சலுகையாக யாரும் கருதத் தேவையில்லை.

குடும்பத்திடமிருந்து பணம் கேட்கக் கூடாது என்றால் வேறு எதைக் கேட்கலாம் என்ற கேள்வி எழும். கதையைக் கேட்கலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்துப் பொள்ளாச்சி சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பாலக்காட்டு நகரம்கூட அன்று சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1949 ஜூலை 1-இல் கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆனது. வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே மூன்று ஆட்சிப் பெயர்களின் கீழ் வாழ்ந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. அந்தக் காலத்தில் சந்தைக்கு எந்த ஊருக்குப் போனார்கள், எந்த மொழியில் படித்தார்கள், எல்லையில் சோதனைச் சாவடி எப்போது வந்தது என்று தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ கேட்டு நான்கு வரி எழுதிவரச் சொன்னால், அதில் இரண்டு மூன்றை மேடையில் வாசிக்கலாம். மேடைப் பேச்சாளர் கூகுளில் எடுத்துவரும் எதையும்விட அது நன்றாக இருக்கும்.

கொடியைப் பற்றிப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. பிளாஸ்டிக் கொடி வாங்க வேண்டாம். காகிதக் கொடியை விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பே சொல்கிறது. அதனால் வாசலில் ஒரு பெட்டி வைத்து, திரும்பும்போது அதில் போட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். கொடியை இடுப்புக்குக் கீழே அணியும் உடையாக்குவது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவமதிப்பு. மூன்று நிறத்தில் பாவாடை தைக்கிறோம் என்று ஆர்வத்தில் கிளம்பும் அம்மாக்கள் கொடியின் சக்கரத்தையும் சேர்த்து அச்சடித்த துணியை வாங்கிவிடாமல் இருக்க இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

தேசிய கீதம் முழுமையாகப் பாட ஆகும் நேரம் சுமார் 52 வினாடி. அந்த நேரத்துக்குக் கைபேசியைத் தாழ்த்திவிட்டு நேராக நிற்க வேண்டும் என்று தாளில் எழுதலாம். மேடையை மறைத்துக்கொண்டு படம் எடுப்பதும், மற்றவர் வீட்டுக் குழந்தையின் படத்தைக் கேட்காமல் பொதுவெளியில் போடுவதும் வேண்டாம் என்பதையும் அதே வரியோடு சேர்த்துவிடலாம். ஆனால் இதில் பள்ளி கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மத நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல், மரியாதையோடு எழுந்து மட்டும் நிற்கும் குழந்தைகள் சிலர் இருக்கலாம். அப்படி நின்ற மூன்று குழந்தைகளை 1985-இல் இதே கேரளத்தில் ஒரு பள்ளி வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1986 ஆகஸ்டில் அந்த வெளியேற்றம் தவறு என்று தீர்ப்பு வந்தது. பாடுகிறார்களா என்று வரிசையில் உதடுகளைக் கண்காணிக்கும் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. பெற்றோர் முன்கூட்டியே வந்து சொல்லும் அளவுக்கு நம் தாளின் தொனி இருந்தால் போதும்.

காற்றைப் பற்றி எழுதாமல் எங்கள் ஊரில் எந்த விழாவைப் பற்றியும் எழுத முடியாது. ஆகஸ்ட் 15 என்பது ஆடியின் கடைசி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று கிரீடத்தையும் ஒட்டுமீசையையும் அட்டையில் செய்த செங்கோட்டையையும் ஒரே மூச்சில் கொண்டுபோகும். மைக்கில் காற்றின் பேச்சுத்தான் கேட்கும். எனவே உயரமான அட்டை வேலைகளைச் செய்துவரும்படி வீடுகளைக் கேட்பது வீண். மழை வந்தால் விழா எந்த அறையில், எப்போது என்பதையும் தாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சாப்பாடு. கொடியேற்றம் முடிந்து பாயசம் தருவோம் என்பதை நம்பி, காலையில் எதுவும் சாப்பிடாமல் வரும் குழந்தைகள் அதிகம். வார்டு மெம்பர் வந்து சேர்வதற்குள் முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் மயங்கி விழுவதை எங்கள் பக்கத்தில் எல்லாப் பள்ளியும் பார்த்திருக்கும். இட்லியோ பழைய சோறோ, எதையாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு எழுதுகிற அதே நாளில், பேசும் நேரம் ஐந்து நிமிடம்தான் என்று விருந்தினருக்கும் எழுத வேண்டும். பெற்றோரைக் கண்டிப்பதில் நமக்கு இருக்கும் தைரியம் விருந்தினரிடம் வருவதில்லை. வர முடியாத அப்பாக்களுக்காக, நிகழ்ச்சி நிரலில் எந்த வகுப்பு எத்தனை மணிக்கு மேடையேறும் என்று தோராயமாகக் குறித்துவிட்டால், மரத்திலிருந்து இறங்கி அரை மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வட இந்தியக் குடும்பங்களின் குழந்தைகளும் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்; அந்த வீடுகளுக்குத் தமிழ்த் தாளும் பயன்படாது, மலையாளத் தாளும் பயன்படாது. அவர்களை நேரில் அழைத்து இந்தியில் சொல்லிவிடலாம்; அந்த இந்திப் பாட்டின் உச்சரிப்பைத் திருத்தித் தரும்படி அப்போதே கேட்டும் வைக்கலாம், அது நம் யாருக்கும் சரியாக வருவதில்லை.