டிடிஎஸ் பிடித்தாலே வரி முடிந்துவிடுமா?

“ஃப்ரீலான்ஸர்களுக்குப் பத்து சதவீத டிடிஎஸ் பிடித்துவிட்டால் வரி முடிந்தது, ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தேவையில்லை” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. டிடிஎஸ் என்பது, பணம் கொடுப்பவரே அதில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசிடம் கட்டுவது; ரிட்டர்ன் என்பது, ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டி நாம் தாக்கல் செய்யும் கணக்கு.

2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 194ஜே பிரிவின்கீழ் தொழில்முறைக் கட்டணத்தில் பிடிக்கப்படும் 10 சதவீதம், உங்கள் பெயரில் முன்கூட்டியே வரவு வைக்கப்படும் தொகை மட்டுமே. உண்மையான வரி, ஆண்டு முழுவதற்குமான மொத்த வருமானத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 2024-25 நிதியாண்டில் 3,00,000 ரூபாய் மட்டுமே ஈட்டிய ஒரு வடிவமைப்பாளருக்கு 30,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால், புதிய வரி முறையில் அவர் கட்டவேண்டிய வரி ஏதும் இல்லை என்றாலும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். இந்தச் செய்தியை நம்பி அதிகம் இழப்பவர்கள் இப்படிக் குறைவாகச் சம்பாதிப்பவர்களே என்பதுதான் வேதனை. மேலும், பிடித்தம் 25,000 ரூபாயை எட்டினாலே, அறுபது வயதுக்குட்பட்டவர்களுக்குத் தாக்கல் கட்டாயம். வருமானம் அதிகமுள்ளவர்களுக்கோ பத்து சதவீதம் போதாது. பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்வரி, அதாவது ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்டும் வரி, செலுத்தவேண்டும், தவறினால் வட்டி சேரும்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணுடன் நுழைந்து, அந்த ஆண்டுக்கான 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது வரிவரியாகத் தெரியும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவருக்கும் இதைத் தெரிவியுங்கள்.