பழைய ஆர்கனிடம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்

பழைய தேவாலயங்களில் உள்ள பரோக் கால (ஏறத்தாழ 1600–1750) பைப் ஆர்கன்களை, அதாவது கீபோர்டால் குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய கருவிகளை, பழுதுபார்க்கும் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "கையோடு சுருதியையும் இன்றைய பியானோவுக்குப் பொருந்தும்படி மாற்றிவிடலாமே, எல்லா இசையும் வாசிக்க வசதியாக இருக்குமே." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் அதை முழு மனதோடு எதிர்க்கிறேன். அந்த இசையை எப்படி வாசிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தர இன்று உயிரோடு இருக்கும் ஒரே ஆசிரியர் அந்த ஆர்கன்தான். அதை நம் வசதிக்கு வளைத்தால் பாடமே போய்விடும்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் புனித யாக்கோபு தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இருப்பது ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கட்டுநர் 1693இல் கட்டி முடித்த ஆர்கன். நான்கு கீபோர்டுகள், காலுக்குப் பெடல், 60 ஸ்டாப்கள் (ஒவ்வொன்றும் ஒரு தனி ஒலிவண்ணம்), ஏறத்தாழ 4,000 குழல்கள். இதன் சுருதி இன்றைய சுருதியைவிட ஏறக்குறைய ஒரு முழு ஸ்வரம் மேலே நிற்கிறது. இன்றைய வயலின், ஓபோ கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ஆர்கனிஸ்ட் எல்லாவற்றையும் ஒரு ஸ்வரம் இறக்கி வாசித்தாக வேண்டும். இதைத்தான் பலர் குறை என்கிறார்கள். பல ஊர்களில் இந்தக் குறையைச் "சரிசெய்ய" குழல்களை வெட்டியும் இடம் மாற்றியும் ஒலியையே கெடுத்த கதை உண்டு.

சுருதியின் உயரத்தைவிட முக்கியமானது ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரம். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் வாசிக்காமலே அந்தர காந்தாரம் அதற்குள்ளிருந்து கேட்கும், இல்லையா? அந்தத் தூய காந்தாரம் பியானோவில் கிடையாது. பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் அதிகம் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). நம் சங்கீதக்காரர்கள் ஹார்மோனியத்தோடு அவ்வளவு காலம் சண்டை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பரோக் கால வட ஜெர்மன் ஆர்கன்கள் பலவற்றில் மீன்டோன் என்ற முறையிலோ, அதைக் கொஞ்சம் மாற்றிய முறையிலோ சுருதி சேர்த்தார்கள். அதில் சி மேஜர், ஜி மேஜர் போன்ற ஸ்கேல்களில் காந்தாரம் தூய காந்தாரத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். கார்டை, அதாவது சில ஸ்வரங்களை ஒன்றாக, அமுக்கியதும் அலை அடிப்பு அடங்கி, ஒலி ஒரே கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். அதற்கு விலையும் உண்டு. சி-யிலிருந்து விலகி விலகிப் போகும்போது கார்டுகள் கசக்க ஆரம்பிக்கும். சில இடங்களில் கூச்சமே எடுக்கும்.

அந்தக் கசப்பு அந்த இசைக்குத் தேவை என்பது என் கருத்து. ஓர் இசையமைப்பாளர் துயரமான வரிக்கு வேண்டுமென்றே தூரத்து கார்டுக்குப் போய், இரண்டு அடி தாண்டி வீட்டுக்குத் திரும்பும்போது உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவுகிறது. எல்லா கார்டும் ஒரே அளவு பிசகியிருக்கும் இன்றைய சுருதியில் அதே பக்கங்களை வாசித்தால், போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. சரி, எல்லாப் படைப்பும் இதில் பொருந்துமா? பொருந்தாது. பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் புக்ஸ்டஹூடெவின் எஃப் ஷார்ப் மைனர் பிரெலூடியத்தை மீன்டோனில் வாசிப்பது பெரும்பாடு. அவர் எந்தச் சுருதியை மனதில் வைத்து அதை எழுதினார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் ஓர் ஆர்கனில் எல்லாவற்றையும் வாசித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

அடுத்தது விரல். இந்த ஆர்கன்களில் மின்சுவிட்ச் கிடையாது. கட்டையை அமுக்கினால் மெல்லிய மரப்பட்டிகள் இழுபட்டு, மேலே காற்றுப்பெட்டிக்குள் இருக்கும் வால்வு திறக்கும். காற்றின் அழுத்தத்தை மீறி வால்வு விடுபடும் அந்தக் கணத்தை விரல் நுனியில் உணரலாம். விரலை எடுக்கும்போதும் அப்படித்தான். வேகமாக எடுத்தால் ஒன்று, மெதுவாக எடுத்தால் இன்னொன்று. பரோக் வாசிப்பில் உயிர் இருப்பது ஸ்வரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில். கல்லால் கட்டிய பெரிய கோயிலில் எதிரொலி நெடுநேரம் நிற்பதால், அந்த இடைவெளி இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும்.

அந்தக் காலத்து விரல்முறையில் கட்டைவிரலுக்குப் பெரிய வேலை இல்லை. நடுவிரலும் மோதிரவிரலும் மாறி மாறி ஏறும். இன்றைய கீபோர்டில் இதைச் செய்து பார்த்தால் நொண்டியடிப்பது போல இருக்கும். பழைய ஆர்கனில் வாசித்தால், ஸ்வரங்கள் இரண்டிரண்டாகத் தானே சேர்ந்து பேசும். கால் கட்டைகளும் குட்டை, தட்டை. குதிகாலுக்கு அங்கே அதிக வேலை இருக்காது. நுனிக்காலால் வாசித்தால் பெடல் ஸ்வரங்களும் தாமே பிரிந்து ஒலிக்கும். எனக்கு ஷ்னிட்கர் ஆர்கன் ஒன்றில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தபோது, வகுப்பில் சொல்லிச் சொல்லியும் என் விரலுக்கு ஏறாத விஷயங்கள் அங்கே தானாக ஏறின. வேகத்தையும் அந்த ஆர்கனே முடிவு செய்தது. நான் அவசரப்பட்டால் பெரிய குழல்கள் பின்தங்கின. அவற்றுக்கு வாய் திறக்க நேரம் வேண்டும்.

காற்றும் அப்படித்தான். அன்று துருத்திகளை ஆட்கள் ஏறி மிதித்தார்கள். பெரிய கார்டு விழுந்தால் காற்று ஒரு கணம் தளரும், பிறகு எழும். பாடகர் மூச்சு எடுப்பதை யாரும் குறை என்று சொல்வதில்லையே.

இந்த யாக்கோபு ஆர்கன் பிழைத்து வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஷ்னிட்கர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லை. அதற்கு முன் அங்கே இருந்த ஆர்கனின் நல்ல குழல்களைத் தூக்கி எறியாமல் தன் வேலையில் சேர்த்துக்கொண்டார். 1917இல் போருக்கு உலோகம் வேண்டுமென்று முன்வரிசைக் குழல்களை எடுத்துப்போய் உருக்கினார்கள். 1920களில் ஹான்ஸ் ஹென்னி யான் என்ற எழுத்தாளர் இதன் அருமையை ஊருக்கு எடுத்துச் சொல்லிப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கினார். அடுத்த போரில் குழல்களையும் காற்றுப்பெட்டிகளையும் முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால், 1944இல் தேவாலயம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவை தப்பின. வெளிக்கூடு எரிந்துபோனது. கடைசியாக யூர்கன் ஆரண்ட் என்ற ஆர்கன் கட்டுநர் பல ஆண்டுகள் உழைத்து 1993இல் இதை மீட்டெடுத்தார். தன் பாணியை அதன்மேல் ஏற்றாமல், ஷ்னிட்கரின் குழல்களைப் பார்த்து அவர் என்ன செய்திருப்பார் என்று படித்துப் படித்துச் செய்த வேலை அது. பழுதுபார்ப்பு என்றால் இதுதான் என்பேன்.

1720இல் இந்த ஆர்கனுக்கு ஆள் தேடியபோது விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பெரும் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹ். தேர்வு நாளுக்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார். வேலை ஹைட்மன் என்பவருக்குப் போனது. அவர் தேவாலயத்துக்கு 4,000 மார்க் கட்டினார். பெத்லகேம் தேவதூதனே வானத்திலிருந்து இறங்கி வந்து தெய்வீகமாக வாசித்தாலும், கையில் காசு இல்லாவிட்டால் திரும்பிப் பறந்துபோக வேண்டியதுதான் என்று அங்கே போதகராக இருந்த நாய்மைஸ்டர் பிரசங்கத்திலேயே குத்திக் காட்டினாராம். நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது.

இன்று காசு கேட்பதில்லை. ஆனால் பல ஊர்களில் பழைய ஆர்கன் பெயர்பெற்ற கலைஞர்களுக்கு மட்டுமே திறக்கிறது. தேய்ந்துவிடும் என்கிறார்கள். வாசித்துத் தேய்வதைவிட, குளிர்காலத்தில் தேவாலயத்தைச் சட்டென்று சூடாக்குவதால் காற்றுப்பெட்டி மரம் வெடிப்பது பெரிய ஆபத்து. வாசிக்காமல் பூட்டி வைத்தாலும் தூசி சேரும், வால்வு ஒட்டிக்கொள்ளும், துருத்தியின் தோல் விறைக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமாவது கொடுங்கள். பத்து வயதுக் குழந்தை அந்தத் தூய காந்தாரத்தை ஒருமுறை தன் கையால் அமுக்கிக் கேட்கட்டும். மின்னணுக் கீபோர்டில் பத்து ஆண்டு பயின்ற பிறகு காட்டினால், காது பழகியதைத்தான் சரி என்று சாதிக்கும்.

ஹாம்பர்க் போகிறவர்கள் கச்சேரிக்கு மட்டும் போகாதீர்கள், ஞாயிறு ஆராதனைக்கும் போங்கள். சபை பாடும்போது துணைக்கு ஒலிக்கத்தான் இதைக் கட்டினார்கள். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில், மக்களுக்கு அருகே ஒரு சிறிய குழல் தொகுதி தனியாக இருக்கும். ஒரு வரி அங்கிருந்து, பதில் வரி உயரத்தில் இருக்கும் பெரிய தொகுதியிலிருந்து என்று மாறி மாறி வரும்போது கீழே உட்கார்ந்து கேளுங்கள். இந்த இட வித்தியாசத்தை ஹெட்போனில் நான் இதுவரை கேட்டதில்லை.