பிரேசில்காரன் பாக்கி

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரமாக நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அஞ்சலையின் சாப்பாட்டுக் கடையில் நான்கு மேசை, ஒரு வைஃபை, கல்லாவில் கடன் எழுதி வைக்கிற ஒரு 555 நோட்டு. காலை பத்து மணி. பசியாற வந்த கூட்டம் கலைந்துவிட்டது. மாரியம்மன் கோயில் பொருளாளர் ஒரு பழைய மடிக்கணினியை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். எஸ்டேட்டில் தண்டலாக, அதாவது பால்வெட்டுக்காரர்களை மேற்பார்க்கிறவராக இருந்தவர். 'முன்னாள் தண்டல்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவர் காதுபட அப்படிச் சொல்ல ஊரில் யாருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.)

தண்டல்: அஞ்சலை, உன் பேரன் இதை முடுக்கிவிட்டுப் பினாங்கு பஸ் ஏறிவிட்டான். கியூபிட்டாரண்ட் என்று ஏதோ திறந்து கிடக்கிறது. ஒன்றும் அசையவில்லை.

அஞ்சலை: என்ன சொல்லிவிட்டுப் போனான்?

தண்டல்: விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14-ஓடு கவனிப்பு முடிந்துவிட்டதாம். பதினொன்றைத் தாங்க இந்தப் பெட்டிக்குத் தெம்பு இல்லையாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் சில வருடம் ஓட்டலாம், அதைத்தான் இது இறக்குகிறது என்றான்.

அஞ்சலை: எவ்வளவாம்?

தண்டல்: காசே இல்லையாம். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

அஞ்சலை: காசில்லை என்றால் நீங்கள் சந்தேகப்பட்டு நான் பார்த்ததே இல்லையே, தண்டலய்யா.

(தண்டலின் கண் கல்லாப் பக்கம் போய், அவசரமாகத் திரும்புகிறது.)

தண்டல்: இந்தக் கியூபிட்டாரண்ட், திருட்டுப் படம் இறக்குகிற சாமான்தானே? கோயில் கணக்கு இருக்கிற பெட்டி. போலீஸ் வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அஞ்சலை: தோளில் சுமக்கிற காண்டா வாளியில் பாலும் தூக்கலாம், கள்ளும் தூக்கலாம். வாளியையா பிடித்துப் போவார்கள்? மின்ட்காரர்களே தங்கள் இணையப் பக்கத்தில் இதற்கான டாரண்ட் கோப்பு ஒன்றை வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பேரன் அதைத்தான் எடுத்தான். போன மாதம் என் பெட்டிக்கும் இதே வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். தள்ளி உட்காருங்கள்.

(தள்ளி உட்காருகிறார். தண்டல் ஒருவர் பால்வெட்டுக்காரிக்காகத் தள்ளி உட்கார்ந்தது இந்த ஊரில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.)

தண்டல்: மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் படம் இருக்கிறதே?

அஞ்சலை: அது பெரட்டு, காலையில் ஆளைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். ஆளைச் சேர்ப்பது, ஓடவிடுவது, நிறுத்துவது, பேரை அடித்துவிடுவது. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தண்டல்: பெரட்டில் நான் கை வைக்காமல் வேறு யார் வைப்பது?

அஞ்சலை: அதனால்தான் சொல்கிறேன்.

தண்டல்: சரி, இடது பக்கம்? மேலிருந்து கீழே என்னென்னவோ எழுதியிருக்கிறது. இதோ, 'கம்ப்ளீட்டட்'. முடிந்ததா என்று பார்த்துவிடலாம்... ஐயையோ! எல்லாம் போய்விட்டது! அஞ்சலை, மின்டைக் காணோம்!

அஞ்சலை: எங்கேயும் போகவில்லை. அது செக்ரோல், ஆள் பேர்ப் பதிவு. வேலை முடித்தவன் மட்டும் வா என்று கூப்பிட்டால் முடிக்காதவன் எப்படி வருவான்? மேலே 'ஆல்' என்று இருக்கிறது பாருங்கள், அதை அமுக்குங்கள்.

தண்டல்: வந்துவிட்டான். (நெற்றியைத் துடைக்கிறார்.) எல்லோரையும் ஒரேயடியாகக் கூப்பிட்டால்தான் எனக்கும் பழக்கம். சரி, இவன் பேருக்கு நேராக 'ஸ்டால்டு' என்று வருகிறது. உன் ஸ்டாலைச் சொல்கிறதா?

அஞ்சலை: வாளியோடு நிற்கிறான், ஊற்ற ஆளில்லை என்று அர்த்தம். இன்னும் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறது?

தண்டல்: எட்டு. ஆனால் எட்டு படுத்துக் கிடக்கிறது.

அஞ்சலை: படுத்துவிட்டால் அது எட்டில்லை. முடிவே கிடையாது என்று பொருள். போனஸ் எப்போது என்று ஆபீசில் போய்க் கேட்டால் சொல்வார்களே, அந்தக் கணக்கு. வைஃபை போட்டீர்களா?

தண்டல்: காலையில் இருந்ததே.

அஞ்சலை: அது பேரனுடைய போனில் இருந்து வந்திருக்கும். போன் பஸ் ஏறிவிட்டது. என் கடை வைஃபையைப் போடுங்கள். பாஸ்வேர்டு: பாக்கிகட்டவும். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல்.

(தண்டல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறார். கடையில் கரண்டி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதி.)

தண்டல்: ஓடுகிறது! எட்டு எழுந்து பதினான்காகிவிட்டது. 'சீட்ஸ்' என்ற இடத்தில் முப்பத்தெட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் ஆயிரத்துச் சொச்சம். இது என்ன?

அஞ்சலை: பேரன் 'சீடர்' என்பான்.

தண்டல்: சீடரா? குரு யார்?

அஞ்சலை: குருவே கிடையாது, அதுதான் இதில் விசேஷம். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு ஊற்றுகிறவன் சீடர். அடைப்புக்கு உள்ளே இருப்பது மொத்த ஆள். வெளியே இருப்பது நம்மோடு கை கோத்திருக்கிற ஆள்.

தண்டல்: அதற்குப் பக்கத்தில்... (குரலைத் தாழ்த்தி) அஞ்சலை, பீர்ஸ் என்று போட்டிருக்கிறது. கோயில் பெட்டி இது.

அஞ்சலை: பியர்ஸ்! அது குடிக்கிறது இல்லை. நம்மை மாதிரியே பாதி வாங்கிக்கொண்டு, வாங்கியதை அடுத்தவனுக்கும் ஊற்றுகிறவர்கள். ஊற்றாமல் வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு லீச்சர் என்று பேர். அட்டை.

தண்டல்: யாரைச் சொல்கிறாய்?

அஞ்சலை: பொதுவாகச் சொன்னேன். மின்ட் மேல் ஒருமுறை அமுக்குங்கள், கீழ்ப்பக்கம் தெரியும்.

தண்டல்: நீட்டாக ஒரு பட்டை. அங்கே கொஞ்சம் நீலம், இங்கே கொஞ்சம் நீலம். கரையான் அரித்த மாதிரி இருக்கிறதே! ஒழுங்காக இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை வரக் கூடாதா? என் நிரையில் யாராவது இப்படி மரத்தைத் தாண்டித் தாண்டி வெட்டியிருந்தால்...

அஞ்சலை: தெரியும், அரைப் பேர்தான் போட்டிருப்பீர்கள், அரை நாள் கூலிதான். எந்தத் துண்டு ஊரில் குறைவாக இருக்கிறதோ, அதை முதலில் வாங்கிவைக்கும். அதை வைத்திருக்கிற ஒரே ஆள் பெட்டியை மூடிவிட்டுப் போனால் அப்புறம் எல்லோருக்கும் திண்டாட்டம்தானே?

தண்டல்: ம். புத்திசாலித்தனம்தான். இங்கே 'டிராக்டர்' என்று ஒன்று...

அஞ்சலை: டிராக்கர். அது கிராணி, தோட்டத்து ஆபீஸ் கணக்கர் மாதிரி. யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பேர் வைத்திருப்பார். யாருக்கு யார் வேண்டும் என்று கேட்டால் சொல்வார். வாளியைத் தொடமாட்டார்.

தண்டல்: எங்கள் கிராணியும் தொட்டதில்லை. அடியில் ஓரமாக டிஹெச்டி, முந்நூற்றுச் சொச்சம்?

அஞ்சலை: கிராணி வராத நாளில் ஆளுக்கு ஆள் விசாரித்தே கண்டுபிடித்துக்கொள்வது. லயத்து வம்பு.

தண்டல்: அது கிராணியைவிட வேகமாயிற்றே!

(இருவரும் சிரிக்கிறார்கள். எந்த வம்பு இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது என்று எழுதினால் அடுத்த வாரம் நான் சுங்கை சிப்புட் பக்கம் போக முடியாது.)

தண்டல்: எல்லாம் சரி. ஆனால் முகம் தெரியாத முப்பத்தெட்டுப் பேரிடம் மங்கு மங்காக வாங்குகிறோம். ஒருவன் தண்ணீர் கலந்து ஊற்றினால்?

(அஞ்சலை கத்தியையும் வெங்காயத்தையும் கீழே வைக்கிறார். கையை முந்தானையில் துடைக்கிறார்.)

அஞ்சலை: இந்தக் கேள்வியை நீங்களே கேட்க வேண்டும் என்றுதான் நாற்பது வருடமாகக் காத்திருந்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் என்று ஒரு முத்திரை உண்டு. டாரண்டுக்குள் முதலிலேயே எழுதியிருக்கும். வருகிற துண்டைக் கணக்குப் போட்டு, அந்த முத்திரையோடு ஒத்துப் பார்க்கும். ஒத்தால் சேர்த்துக்கொள்ளும். ஒரு துளி மாறியிருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி கேட்டு வாங்கும். கொண்டுவந்தவன் முகத்தைப் பார்க்காது.

தண்டல்: பாலில் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் கருவியை விட்டுப் பார்க்கிற மாதிரி.

அஞ்சலை: விட்டுப் பார்த்தால்தானே! 1984-ல் என் வாளியை எட்டிப் பார்த்தீர்கள். மெட்ரோலாக் பையில் இருக்கிறது. வெளியில்கூட எடுக்காமல் 'தண்ணீர்' என்று சொல்லி நாலு கிலோ கழித்தீர்கள்.

தண்டல்: அன்றைக்கு மழை.

அஞ்சலை: மழை மேலே இருந்து வந்தது. நான் கலக்கவில்லை.

தண்டல்: எங்கிருந்து வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே, லா.

(இந்த வழக்கு தீபாவளிக்குத் தீபாவளி விசாரணைக்கு வரும். தீர்ப்பு மட்டும் வந்ததில்லை.)

தண்டல்: (பேச்சை மாற்ற) வெளியே வைஃபை வேகம் முப்பது எம்பிபிஎஸ் என்று எழுதி ஒட்டியிருக்கிறாய். இங்கே கீழே மூன்றரைதான் ஓடுகிறது. நீ மட்டும் எடையில் கை வைக்கலாமா?

அஞ்சலை: அது பிட், இது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஸ்டோரில் நூறு கிலோ பாலை நிறுத்தால், காய்ந்த ரப்பர் நூறு கிலோவா கிடைத்தது?

தண்டல்: முப்பது, முப்பத்தைந்து தேறும்.

அஞ்சலை: அப்படித்தான். முப்பதை எட்டால் வகுங்கள்.

தண்டல்: மூன்றே முக்கால். வருவது மூன்றரை. கால் எங்கே?

அஞ்சலை: மூன்றாம் மேசையில் பையன் யூடியூப் பார்க்கிறான். அவனிடம் போய்க் கேளுங்கள்.

தண்டல்: இருக்கட்டும். இதை யோசித்தவன் யார்?

அஞ்சலை: பிராம் கோஹன் என்று ஓர் அமெரிக்கர். 2001-ல்.

தண்டல்: அவருக்கு எஸ்டேட் இருந்ததா?

அஞ்சலை: இருந்ததாகத் தெரியவில்லை.

தண்டல்: பிறகு எப்படித் தெரிந்தது? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முழுசாக்குவது நம் ஊர்க்காரர் யோசனை. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். 1960-ல் மந்திரி சம்பந்தன் ஐயா தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார்!

அஞ்சலை: எங்கள் அப்பா கட்டினார். நீங்கள்?

தண்டல்: நான் அப்போது சின்னப் பையன்.

அஞ்சலை: பெரிய பையன் ஆன பிறகு?

தண்டல்: ...பட்டை முழுக்க நீலமாகிவிட்டது பார்! முடிந்தது! (மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியைச் சட்டென்று அமுக்குகிறார்.) மூடிவிட்டேன். கரண்டு மிச்சம்.

அஞ்சலை: மூடவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்திருக்கிறது. உங்களைப் பற்றித் தெரிந்துதான் பேரன் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். (திறக்கிறார்.) பாருங்கள், 'சீடிங்' என்று மாறிவிட்டது. இனி நீங்களும் சீடர்.

தண்டல்: நான் எதற்கு ஊற்ற வேண்டும்? எனக்குத்தான் வந்துவிட்டதே.

அஞ்சலை: 'ரேஷியோ' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வாங்கியது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு. உங்களுக்கு என்ன வந்திருக்கிறது?

தண்டல்: சுழியம், புள்ளி, சுழியம், ஒன்று.

அஞ்சலை: ஒரு வெள்ளிக்கு ஒரு சென். (கல்லாவில் இருந்து 555 நோட்டை எடுக்கிறார்.) இதுவும் ரேஷியோதான். மூன்றாம் பக்கத்தில் உங்கள் பேர். நாற்பத்தேழு வெள்ளி அறுபது சென்.

தண்டல்: அதை இப்போது எதற்கு... சரி, சரி, ஓடட்டும். (திடீரென்று முகம் மலர்கிறது.) ஆமாம், இந்தக் கரண்டு உன் கடைக் கரண்டுதானே? சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்!

(சாயங்காலம் ஐந்து மணி. தண்டல் குளித்து, திருநீறு பூசி வந்து மடிக்கணினி முன்னால் உட்காருகிறார். முதலில் பார்ப்பது பியர்ஸ் பக்கத்தை. ஒவ்வொரு வரியிலும் ஒரு குட்டிக் கொடி.)

தண்டல்: அஞ்சலை! ஜெர்மனிக்காரன் என்னிடம் வாங்குகிறான். இந்தோனேசியாக்காரனும். இந்தப் பச்சைக் கொடி, நடுவில் மஞ்சள், அதற்குள் நீல உருண்டை. இது எந்த ஊர்?

அஞ்சலை: பிரேசில். உலகக் கிண்ணம் வந்தால் சட்டை போட்டுக்கொண்டு திரிவீர்களே.

தண்டல்: அடேயப்பா, அவன் மட்டும் 212 எம்பி! ரேஷியோ பார்த்தாயா? 0.31!

அஞ்சலை: நல்லது. வெள்ளிக்கு முப்பத்தொரு சென். அதே கணக்கில் எனக்கும் கொடுத்துவிடுங்களேன். பதினான்கு வெள்ளி எழுபத்தைந்து சென் வருகிறது.

தண்டல்: கொடுக்கலாம். ஆனால் பால்மரமே பிரேசிலில் இருந்துதானே வந்தது? அந்தக் காலத்தில் அவனிடம் விதையை வாங்கிக்கொண்டு வந்தோம்...

அஞ்சலை: வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு வந்தான். 1876-ல். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

தண்டல்: அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு நான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்! ஊர்க் கடனையே அடைக்கிறவனிடம் நாற்பத்தேழு வெள்ளிக்கு நிற்கிறாயே. ஒரு தே தாரிக் போடு.

(அஞ்சலை தே தாரிக் ஆற்றி வைக்கிறார். 555 நோட்டின் மூன்றாம் பக்கத்தில் 'தே தாரிக் 1' என்று எழுதிவிட்டு உள்ளே போகிறார். தண்டல் சுற்றுமுற்றும் பார்த்து, நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் சேர்க்கிறார்: 'பிரேசில் 212 எம்பி. வரவேண்டிய பாக்கி.')