மொட்டை போட்டால் நாய்க்குச் சூடு தணியாது

‘கத்திரி வெயில் வருது, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மொட்டை போட்டுடுங்க, ஜில்லுன்னு இருக்கும்’ என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். வேண்டாம் அண்ணே. ஆடு மேய்க்க உருவாக்கிய இனம் அது. முடி குட்டையாகத் தெரிந்தாலும் இரண்டு அடுக்கு உண்டு: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்முடி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் முக்கியமாகச் சூட்டைத் தணிக்கும். மேல்முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. அதை வழித்தால் தோல் வெந்துபோகலாம். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும்.

நாங்கள் காட்பாடி, சித்தூர் எல்லைப் பக்கம். எங்கள் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கேயே உதிர்ந்த அடிமுடியை மட்டும்தான் எடுக்கிறோம்: வாரம் இரண்டு மூன்று முறை, அகலப் பல் சீப்பால், முடி படியும் திசையிலேயே, அழுத்தாமல். உதிர்கிற காலத்தில் ஒரு தலையணையே அடைக்கலாம்! குளிப்பாட்டினால் அடிவரை உலர்த்துங்கள், ஈரம் தங்கினால் புண் வரும்.

அறுவை சிகிச்சைக்கோ தோல் நோய்க்கோ கால்நடை மருத்துவர் வழிக்கச் சொன்னால் சரி, அது வேறு கதை. மற்றபடி நிழல், தண்ணீர். அப்புறம் மத்தியானத்தில் தார் ரோட்டில் நடக்கக் கூட்டிப்போகாதீர்கள்.