இனம் எதைத் தர மறுக்கிறது என்று பாருங்கள்

ஃபேன்டஸி ஆர்பிஜி (மாய உலகில் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்) ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரேஸ் (இனம்) எடுக்கலாம்?" பதிலும் உடனே வந்துவிடும். மந்திரம் போடப்போகிறாயா, எல்ஃப் எடு. கோடாரி தூக்கப்போகிறாயா, ஆர்க் எடு. இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடே இல்லை. ஓர் இனம் என்ன கொடுக்கிறது என்பதைவிட எதைத் தர மறுக்கிறது என்பதுதான் நாம் ஆடும் விதத்தை மாற்றுகிறது. கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் எண்கள். லெவல் ஏற ஏற அவை கரைந்துவிடும். மறுப்பது கடைசிவரை கூடவே வரும்.

ஸ்கைரிமையே (2011) எடுத்துக்கொள்வோம். பத்து இனங்கள். ஹை எல்ஃபுக்கு மேஜிக்கா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) 50 கூடுதல். மற்ற எல்லாரும் 100-இல் தொடங்கும்போது 150 என்பது பெரிய விஷயம்தான், ஆரம்பத்தில் மந்திரவாதியாக ஆட அது நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் லெவலுக்கு 10 ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், ஐந்தே லெவலில் ஓர் ஆர்க்கும் அதே 150-க்கு வந்துவிடலாம். ஒரு ஸ்கில்லுக்கு 10, வேறு ஐந்துக்கு 5 என்று தொடக்கத்தில் கிடைக்கும் சலுகையும் இதே கதைதான். அதனால்தான் எந்த இனத்தில் தொடங்கினாலும் கடைசியில் பலரும் இருட்டில் பதுங்கி அம்பு விடுகிற ஒரே மாதிரி ஆளாகிவிடுகிறார்கள். ஆர்க்கின் பெர்சர்க்கர் ரேஜ் என்ற சிறப்புத் திறன் இதற்கு விலக்கு. நாளுக்கு ஒருமுறை, 60 விநாடி, கொடுக்கும் அடி இரட்டிப்பு, வாங்கும் அடி பாதி. விகிதத்தையே மாற்றுவதால் எந்த லெவலிலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. இந்தச் சண்டையில் அதைச் செலவழிப்பதா, உள்ளே காத்திருக்கிற பெரிய ஆளுக்கு வைத்துக்கொள்வதா என்று ஒவ்வொரு குகையிலும் யோசிக்க வைக்கும்.

அதே வரிசையில் வந்த மாரோவிண்ட் (2002) இதை இன்னும் துணிச்சலாகச் செய்தது. பல்லி போன்ற ஆர்கோனியனும் பூனை போன்ற காஜீட்டும் பூட்ஸ் போட முடியாது, முகத்தை மூடும் ஹெல்மெட்டும் கிடையாது. கவசம் குறைவதோடு, மந்திரம் ஏற்றிய பொருள்களுக்கான இடமும் போகிறது. அந்த கேமில் பேர்பெற்ற ஒரு பூட்ஸ் உண்டு: வேகத்தை 200 கூட்டும், போட்டவுடன் கண்ணைக் கட்டிவிடும். பிரெட்டன் இனத்துக்கு மந்திர எதிர்ப்பு 50 சதவீதம் என்பதால் அவர்களுக்குப் பாதிப் பார்வை மிஞ்சும், ஓடலாம். காஜீட்டுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒரே பொருள்தான், இனத்துக்கு இனம் கணக்கு வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 (2017). அதில் அன்டெட் (செத்தும் நடமாடும் எலும்புக்கூடு) எடுத்தால் குணப்படுத்தும் மந்திரமே நம்மைக் காயப்படுத்தும். விஷம் குணப்படுத்தும். இந்த ஒரு விதி முழு குழுவையும் திருப்பிப்போடுகிறது. மற்ற மூவரும் தாண்டிப்போகிற விஷக்குட்டையில் நாம் நடுவே நின்று சண்டை போடுவோம். பக்கத்தில் வந்து அடிக்கும் எதிரிதான் விஷத்தில் வேகிறான். விஷம் தெளிக்கத் தெரிந்த ஜியோமான்சர் என்ற மந்திரவாதி திடீரென்று நமக்கு மருத்துவராகிவிடுகிறார். ஊருக்குள் போனால் எலும்பு முகத்தை மறைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஜனங்கள் அலறி ஓடுவார்கள் அல்லது ஆயுதத்தோடு வருவார்கள். ஆனால் பூட்டைத் திறக்கச் சாவியோ கம்பியோ தேட வேண்டாம், விரல் எலும்பே போதும். அதே கேமில் எல்ஃப் தன் சதையை அறுத்து, உடல்வலுவை இழந்து, ஓர் ஆக்‌ஷன் பாயிண்ட் (ஒரு முறையில் செயல்படச் செலவிடும் புள்ளி) வாங்கிக்கொள்ளும். பிணத்தின் சதையைத் தின்று செத்தவரின் நினைவுகளைப் பார்க்கும். எல்ஃபோடு ஆடுகிறவர் துண்டான ஒரு கையைக்கூடச் சும்மா விட்டுப் போகமாட்டார்.

சரி, பால்டர்ஸ் கேட் 3-க்கு (2023) வருவோம். வலு, அறிவு போன்ற திறன்களுக்கான +2, +1 புள்ளிகளை எந்த இனமும் எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று அதில் வைத்ததும், இனத்துக்கு அர்த்தமே போய்விட்டது என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது நல்ல முடிவாகவே படுகிறது. எண்களை விலக்கியதும் மற்ற குணங்கள் வெளியே தெரிகின்றன. ஹாஃப் ஆர்க் விழவேண்டிய அடியில் விழாமல் ஒரு ஹிட் பாயிண்டோடு (உயிர்ப் புள்ளி) நிற்பான். இரண்டு அடியில் சுருண்டுவிடும் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) இதைவிட என்ன வேண்டும்? குள்ள இனங்களான ட்வார்ஃபும் ஹாஃப்லிங்கும் ஒரு டர்னில் (சண்டையில் தன் முறை வரும்போது) 7.5 மீட்டர்தான் நடப்பார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 9, வுட் எல்ஃபுக்கு 10.5. கத்தியோடு ஓடுகிறவருக்கு அந்த ஒன்றரை மீட்டர்தான் இந்த டர்னில் அடிப்பதா, அடுத்த டர்ன்வரை காத்திருப்பதா என்பதை முடிவு செய்கிறது. ட்ரோவாக (நிலத்தடியில் வாழும் எல்ஃப்) போனால் கோப்ளின் முகாமின் வாசலில் மரியாதையோடு வழிவிடுகிறார்கள். வேறு இனமாக இருந்தால் பேசியோ ஏமாற்றியோ வெட்டியோதான் போகவேண்டும்.

தடைகள் வைத்தால் புதியவர்கள் திணறுவார்கள் என்று சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதற்காகத்தானே மனித இனம் ஏறக்குறைய எல்லா கேமிலும் இருக்கிறது? ட்வார்ஃபுக்கு மந்திரமே வராது என்று டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் (2009) கதவைச் சாத்தியது. மந்திரம் வேண்டுமென்றால் மனிதரையோ எல்ஃபையோ எடுக்கலாம். ட்வார்ஃபை எடுத்தவருக்கு, மந்திரம் இல்லாத சமூகத்திலிருந்து வந்த ஆளாக ஆடுவது என்னவென்று சண்டைக்குச் சண்டை தெரிந்தது.

அடுத்த கேம் தொடங்கும்போது, எந்த இனம் உங்கள் வழக்கமான பழக்கத்தை உடைக்குமோ அதை எடுத்துப் பாருங்கள். எப்போதும் ஹீலரை (குணப்படுத்துகிறவரை) நம்பியே ஆடுகிறவராக இருந்தால் அன்டெட்.